சேதாரம் யார் கணக்கில்?

பட்டறையில் பொன்னும் வீணாகக் கூடாது, ஆளும் வீணாகக் கூடாது

"பொடி வைத்துப் பேசுகிறார்" என்று சொல்லாத கடைவீதி தமிழகத்தில் இல்லை. இந்தச் சொல்லே பொற்கொல்லர் பட்டறையில் பிறந்தது என்பார்கள். நகையின் இரண்டு முனைகள் சேரும் இடத்தில் பற்றாசுப் பொடியை வைத்து, வெண்காரம் தடவி, ஊதுகுழலால் தீயைச் செலுத்துவார் ஆசாரி. பொடி உருகி ஓடி, இணைப்பே தெரியாமல் போய்விடும். பார்ப்பவர் கண்ணுக்கு நகைதான் தெரியும், பொடி தெரியாது.

அந்தப் பொடியில் என்ன இருக்கிறது, ஊதும்போது எழும் புகை எங்கே போகிறது என்று நகை விற்கும் நாம் கேட்டிருக்கிறோமா? வாடிக்கையாளருக்குப் பில் போடும்போது செய்கூலி என்று ஒன்று, சேதாரம் என்று ஒன்று எழுதுகிறோம். பொன்னின் சேதாரத்துக்குக் கணக்கு உண்டு. அதைச் செய்தவரின் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஏற்படும் சேதாரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? நகைக்கடைக்காரர்களும் பாத்திர வியாபாரிகளும் மொத்த வணிகர்களும் கூடிப் பேச வேண்டிய விஷயம் இது.

துகளும் வீணாகாத தொழில்

தாயின் பொன்னிலும் தட்டான் கொஞ்சம் எடுத்துவிடுவான் என்று ஒரு பழிச்சொல் நெடுங்காலமாக உலவுகிறது. பட்டறைக்குள் போய்ப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒரு குன்றிமணிப் பொன்னையும் வீணாக்காமல் காக்கும் ஒழுங்கு அந்தத் தொழிலில் ஊறியிருக்கிறது. அரத்தால் ராவும்போது உதிரும் துகள் மடியில் விரித்த துணியிலோ மேசையின் தட்டிலோ விழும். வேலை முடிந்ததும் அதைத் தூரிகையால் கூட்டி எடுப்பார்கள். அரத்திலிருந்து உதிர்ந்த இரும்புத் துகளைக் காந்தத்தால் பிரித்துவிட்டு, மிச்சத்தை வெண்காரம் சேர்த்து மூசையில் உருக்கினால் பொன் திரண்டுவிடும். கை கழுவிய தண்ணீரைக்கூட வெளியே கொட்டாமல் ஒரு பாத்திரத்தில் தேக்கி, அடியில் படியும் வண்டலை எடுத்து வைக்கும் வழக்கம் உண்டு. தரைக்குப்பையையும் சேர்த்து வைத்து எரித்துச் சாம்பலாக்கி, சலித்து, நீரில் அலசிப் பொன் எடுப்பார்கள். கோவை நகரின் பட்டறைத் தெருக்களில் மண்ணையும் சாக்கடை வண்டலையும் வாரி அலசியே பிழைக்கும் குடும்பங்கள் உண்டு.

இது கஞ்சத்தனம் அல்ல. பொன் எத்தனை பாடுபட்டுக் கிடைப்பது என்று தெரிந்தவர்களின் பொறுப்புணர்ச்சி. கோலார் தங்கச் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கி, ஒரு டன் பாறையை உடைத்தால் கிடைத்தது சில கிராம் பொன்தான். அந்தச் சுரங்கமும் 2001-ல் மூடப்பட்டது. இன்று நம் நாட்டில் விற்கும் தங்கத்தின் பெரும்பகுதி அந்நியச் செலாவணி கொடுத்து வெளிநாட்டிலிருந்து வாங்குவது. 2021-ல் இந்தியாவில் 75 டன் பழைய தங்கம் மறுபடி உருக்கிப் புழக்கத்துக்கு வந்தது என்று உலகத் தங்கக் கவுன்சில் கணக்கிட்டது. பழைய நகையை மாற்றி வாங்கும் நம் கடைகளும் துகள் பொறுக்கும் பட்டறைகளும் சேர்ந்து நடத்துகிற சுரங்கம் இது. சுற்றுச்சூழல் என்ற சொல் மேடைக்கு வருமுன்பே இந்தத் தொழில் அதைக் கடைப்பிடித்து வந்தது.

குறை எங்கே இருக்கிறது என்றால், பொன்னைக் காக்கும் இந்த அக்கறை ஆளைக் காப்பதில் இல்லை.

கே.டி.எம். என்ற மூன்று எழுத்து

தூய தங்கம் உருக 1064 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். நகையை ஒட்டும் பற்றாசு, நகை உருகுமுன் உருக வேண்டும். அதற்காகப் பழைய நாளில் தங்கத்தோடு செம்பும் வெள்ளியும் கூடுதலாகக் கலந்து பொடி செய்தார்கள். இணைப்பு நன்றாகப் பிடித்தது. ஆனால் இணைப்புகள் மிகுந்த சங்கிலியை உருக்கினால் மாற்று குறைந்தது. 22 காரட் என்று வாங்கியவர் திரும்ப விற்க வந்தபோது கடையில் சண்டை நடந்தது.

இதற்கு மாற்றாக வந்தது காட்மியம். 92 பங்கு தங்கத்தோடு 8 பங்கு காட்மியம் சேர்த்த பொடி எளிதில் உருகியது, மாற்றும் குறையவில்லை. காட்மியத்தைச் சுருக்கிக் கே.டி.எம். என்றார்கள். கடைக்குக் கடை பலகை தொங்கியது. வாடிக்கையாளர் அதை ஒரு தரமுத்திரை என்றே நம்பினார்.

காட்மியம் 321 டிகிரியில் உருகி 767 டிகிரியில் ஆவியாகிவிடும். ஊதுகுழல் தீயின் வெப்பம் அதைவிடக் கூடுதல். ஆகவே பொடியில் இருந்த காட்மியத்தில் ஒரு பகுதி புகையாகி, குனிந்து ஊதுகிறவரின் முகத்துக்கு நேராக எழுகிறது. அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல் போல் இருக்கும். தொண்டை எரியும், நெஞ்சு இறுகும். அளவு மிகுந்தால் நுரையீரலில் நீர் கோத்து உயிரே போகலாம். சிறுகச் சிறுக உள்ளே போவது இன்னொரு வகை. உடலுக்குள் சென்ற காட்மியம் சிறுநீரகத்தில் தங்கிவிடும். அதில் பாதி வெளியேறவே 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சிறுநீரகம் கெடும், எலும்பு வலுவிழக்கும். இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1993-ல் வகைப்படுத்தியது.

தங்க நகைக்கான இந்தியத் தர நிர்ணயம் காட்மியத்தை ஏற்பதில்லை. துத்தநாகம், இண்டியம் முதலியவை சேர்ந்த காட்மியமில்லாப் பொடிகள் சந்தையில் கிடைக்கின்றன. பெரிய பட்டறைகளில் பொடியே தேவைப்படாத லேசர் ஒட்டும் இயந்திரங்களும் வந்துவிட்டன. ஆனாலும் சிறு பட்டறைகளில் பழைய பொடி முழுதும் ஒழிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. காரணம் எளிது. பழகிய பொடி சட்டென்று ஓடும்; கை தவறினாலும் நகை கெடாது. புதிய பொடிக்குக் கை பழக நாளாகும். அவசர ஆர்டர் கொடுத்துவிட்டு நாளைக்கே வேண்டும் என்று நாம் நெருக்கும்போது, ஆசாரி பழகிய பொடியைத்தான் எடுப்பார்.

இன்னும் சில கடைகளில் விற்பனைப் பையன்கள் "இது கே.டி.எம். நகை" என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்கலாம். அந்தச் சொல்லை நம் கடையிலிருந்து இன்றே நீக்க வேண்டும். 2021 ஜூன் 23 முதல் 256 மாவட்டங்களில் ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் 6 இலக்க எச்.யு.ஐ.டி. எண் இருந்தாக வேண்டும் என்று விதி வந்தது. 22 காரட்டுக்கு 916 என்ற முத்திரையும் அந்த எண்ணும் இருக்கும்போது மூன்று எழுத்துப் பொய்ப்பெருமை எதற்கு?

திராவகமும் பாதரசமும்

பொடிப் புகை ஒன்று என்றால் திராவகப் புகை மற்றொன்று. பழைய நகையைச் சுத்தம் செய்யும்போது, ஒரு பங்கு தங்கத்துக்கு மூன்று பங்கு வெள்ளி கூட்டி உருக்கி, தகடாக்கி, நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சுவது வழக்கம். வெள்ளியும் செம்பும் கரைந்துவிடும். தங்கம் அடியில் பழுப்புத் தூளாகத் தங்கும். கரைந்த வெள்ளியும் வீணாவதில்லை. கரைசலில் உப்புப் போட்டால் தயிர் போலத் திரண்டு படியும். செம்புத் தகடு போட்டால் வெள்ளி வெளியே வந்துவிடும். இதிலும் நம் தொழிலாளர் கெட்டிக்காரர்கள்.

ஆனால் காய்ச்சும்போது எழும் செம்பழுப்புப் புகை நைட்ரஜன் டையாக்சைடு. அதை மூச்சில் இழுத்தவர் அப்போது இருமிவிட்டுச் சாதாரணமாக வீட்டுக்குப் போவார். இரவில், சிலசமயம் ஒரு நாள் கழித்து, மூச்சு முட்டும். இந்தத் தாமதத்தால்தான் பலர் மருத்துவமனைக்கு நேரத்தில் போவதில்லை. மிஞ்சிய பச்சை நீலத் தண்ணீர் செம்பும் அமிலமும் கலந்தது. அதை அப்படியே சாக்கடையில் ஊற்றினால் தெருவுக்குக் கேடு. அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் கேடு.

சில பட்டறைகளில் மெருகுக்கும் முலாமுக்கும் சயனைடு வைத்திருக்கிறார்கள். சயனைடுக் கழிவும் அமிலக் கழிவும் ஒரே வாய்க்காலில் சேர்ந்தால் உயிர்க்கொல்லி வாயு உண்டாகும். இரண்டுக்கும் தனித்தனி வழி இருந்தே தீர வேண்டும். சயனைடு எப்போதும் பூட்டுக்குள், பொறுப்பான ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும்.

குப்பை மண்ணிலிருந்து பொன் பிடிக்கப் பாதரசம் கலந்து, பிறகு அதைச் சூடாக்கி விரட்டுவது பழைய முறை. பாதரச ஆவி நரம்பைத் தாக்கும். பட்டறையும் வீடும் ஒன்றாக இருக்கும் இடங்களில் குழந்தைகளும் அதைச் சுவாசிக்கிறார்கள். பாதரசப் புழக்கத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-ல் ஏற்றுக்கொண்டது. தாளில் ஏற்றது பட்டறைத் திண்ணைக்கும் வந்து சேர வேண்டும்.

பாத்திர வியாபாரிகளும் இதில் அக்கறை கொள்ள வேண்டும். பழைய பித்தளையை எடைக்கு எடுத்து உருக்கிக் குத்துவிளக்கும் குடமும் செய்வது நல்ல காரியம்தான். ஆனால் பித்தளையை உருக்கும் சூட்டில் அதிலுள்ள துத்தநாகம் வெண்புகையாகக் கிளம்பும். மாலையில் குளிர் காய்ச்சல் வரும்; மறுநாள் சரியாகிவிடும் என்று பழகிப்போகிறார்கள். பழைய பாத்திரத்தில் காரீயப் பற்று இருந்தால் அதன் புகை அப்படிச் சரியாகிவிடாது, உடலிலேயே தங்கும். உருக்குமுன் அத்தகைய துண்டுகளை வெட்டி ஒதுக்குவது சிறு வேலைதான்.

ஒரு துகளுக்காக நான்கு உயிர்

2025 மே மாதம் ஜெய்ப்பூரில் நகைத் தொழிற்கூடம் ஒன்றின் கழிவுத் தொட்டியில், அடியில் படிந்திருக்கும் பொன் துகளை எடுக்க ஆட்களை இறக்கினார்கள். விஷவாயு தாக்கி 4 பேர் இறந்தார்கள். முதலில் இறங்கியவர் மயங்க, அவரைத் தூக்க அடுத்தவர் இறங்க, இப்படித்தான் இத்தகைய தொட்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாக உயிர் போகிறது.

பாதுகாப்பில்லாமல் கழிவுத் தொட்டியிலும் சாக்கடையிலும் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சாக்கடைச் சாவுகளுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. சட்டம் இருக்கட்டும். அந்தத் துகளின் விலை என்ன, அந்த நால்வரின் குடும்பங்களுக்கு நேர்ந்தது என்ன என்று நினைத்துப் பார்த்தாலே போதும்.

இதற்குத் தீர்வு செலவு மிகுந்ததும் அல்ல. கை கழுவும் தொட்டிக்கும் சாக்கடைக்கும் நடுவே, தரைக்கு மேலேயே மூன்று சிறு தொட்டிகளை வரிசையாக வைக்கலாம். முதல் தொட்டி நிரம்பி வழிந்து இரண்டாவதற்கும், அது வழிந்து மூன்றாவதற்கும் போகும்படி அமைத்தால், கனமான பொன் துகள் முதல் இரண்டிலேயே படிந்துவிடும். மாதம் ஒருமுறை மேலிருந்தபடியே வண்டலை எடுக்கலாம். பொன்னும் கூடுதலாகக் கிடைக்கும். யாரும் எங்கும் இறங்க வேண்டியதில்லை. மலக்கழிவுத் தொட்டியோடு பட்டறைத் தண்ணீரைச் சேர்க்கவே கூடாது.

பட்டறைகள் என்ன செய்யலாம்?

முதலாவது, காட்மியமில்லாப் பொடி. இரண்டாவது, புகைக்கூண்டு. தலைக்கு மேலே மின்விசிறி சுழன்றால் புகை அறை முழுதும் பரவும். ஊதும் இடத்துக்குப் பின்னாலோ பக்கத்திலோ உறிஞ்சும் விசிறி வைத்து, மூக்குக்கு வருமுன் புகையைக் குழாய் வழியே வெளியேற்ற வேண்டும். முகத்தில் கைக்குட்டை கட்டுவதால் உலோகப் புகை நிற்காது. மூன்றாவது, அமிலக் கழிவை முறிப்பது. மிஞ்சிய கரைசலில் இரும்புத் துண்டு போட்டுச் செம்பை எடுத்துவிட்டு, புகை வராத அளவுக்கு நீர்த்த பிறகு சுண்ணாம்பு சிறிது சிறிதாகச் சேர்த்தால் புளிப்பு முறியும். படியும் கசடைத் தனியே சேர்த்து, அபாயக் கழிவு எடுக்கும் அனுமதி பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்பதைப் புதிதாகச் சேரும் பையனுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நகை அலசும் வேலையில் முன்னோர் புளியும் பூந்திக்கொட்டையும் பயன்படுத்தினார்கள். சூடு செய்த நகையின் கறுப்பைப் போக்க இன்று கந்தக அமிலம் வைக்கும் இடத்தில், மளிகைக்கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து வைத்தாலே பெரும்பாலும் போதும். சற்று நேரம் கூடுதலாகும். ஆனால் கண்ணுக்கும் கைக்கும் நிம்மதி.

தனி ஆளால் முடியாதது, தெருவால் முடியும்

இரண்டு பேர் உட்கார்ந்து வேலை செய்யும் பட்டறையால் புகைக்கூண்டும் கழிவுத்தொட்டியும் வைக்க முடியுமா என்று கேட்பது நியாயம். இங்கேதான் கூட்டு முயற்சி வருகிறது. பொற்கொல்லர் சமூகத்துக்குக் கூடி நிற்கும் பழக்கம் புதிதல்ல. பல ஊர்களில் விசுவகர்ம மக்கள் ஒன்றுசேர்ந்து எழுப்பிய காமாட்சியம்மன் கோயில்கள் இருக்கின்றன. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதி வந்து, 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றபோது நாடெங்கும் பட்டறை அடுப்புகள் அணைந்தன. பிழைக்க வழியின்றி உயிரை மாய்த்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. அந்தக் காலத்தையும் ஒருவர் கையை ஒருவர் பற்றித்தான் கடந்தார்கள். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-ல்தான் முழுதாக நீங்கியது.

இன்றும் வழிகள் இருக்கின்றன. தமிழ்நாடு பொற்கொல்லர் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ள தொழிலாளர் பதிவு செய்துகொண்டால், பிள்ளைகளின் கல்வி, திருமணம், விபத்து, மரணம், ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி கிடைக்கும். கோவையில் 2019-ல் நகைத் தொழிலுக்கான பொது வசதி மையம் தொடங்கப்பட்டது. கோவை குறிச்சியில் 126 கோடி ரூபாயில் தங்க நகைப் பூங்கா அமைக்கப்படும் என்று 2024 நவம்பரில் தமிழக அரசு அறிவித்தது. இத்தகைய இடங்களில் லேசர் இயந்திரத்தோடு புகைக்கூண்டும் கழிவு முறிக்கும் தொட்டியும் வேண்டும் என்று வணிகர் சங்கங்களும் சேர்ந்து கேட்டால் குரலுக்கு வலு கூடும். ஆனால் அரசு வரும்வரை காத்திருப்பது வணிகர் குணம் அல்ல.

நம்மிடம் மகமை இருக்கிறது

வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுவுக்கு எடுத்து வைக்கும் மகமை வழக்கம் நம் வணிகர்களுக்குச் சொந்தமானது. விருதுநகரின் சத்திரிய வித்தியாசாலை மகமையில் வளர்ந்த பள்ளி என்பதை நாம் அறிவோம். கோயில், பள்ளி, கிணறு எல்லாம் மகமையில் எழுந்தன. அதே வழக்கத்தைப் பட்டறைக்கும் கொண்டுபோகலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூலிக்கு நகை கொடுக்கும் கடைக்காரர் கிராமுக்கு 1 ரூபாய் மகமையாக ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒரு கிலோ நகை செய்யும் பட்டறைக்கு மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000 ரூபாய் சேரும். ஒரே தெருவில் 10 பட்டறை என்றால் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். இதைக் கொண்டு தெருவுக்கு ஒரு பொதுத் திராவக அறை அமைக்கத் தொடங்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை நுரையீரல் பரிசோதனையும் சிறுநீரில் காட்மியம் பரிசோதனையும் செய்யலாம். நல வாரியப் பதிவுக்கு முகாம் நடத்தலாம். ஒரு கிராம் தங்கம் விற்கும் விலைக்கு முன் 1 ரூபாய் எம்மாத்திரம்?

இதோடு கடைக்காரர் மூன்று காரியங்களைத் தம் அளவில் செய்யலாம். ஆர்டர் சீட்டில் "காட்மியம் கலவாத பொடி" என்று எழுதிக் கொடுத்து, புதிய பொடிக்குக் கை பழகும் வரை இரண்டு நாள் தவணை கூடுதலாகத் தரலாம். பட்டறைக்கு நேரில் போய்ப் புகை வெளியேறும் வழி இருக்கிறதா என்று பார்க்கலாம். வங்காளத்திலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து பட்டறையிலேயே தங்கி வேலை செய்யும் இளைஞர்கள் திராவகம் காய்ச்சும் அறையில் உறங்காதபடி தனி இடம் கேட்டு வாங்கித் தரலாம்.

இது தருமம் மட்டுமல்ல, வியாபாரமும் கூட. ஆசாரி வீட்டுப் பிள்ளைகள் பலர் அப்பாவின் இருமலைக் கேட்டே வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கல் பதிக்கவும் கம்பி இழைக்கவும் கை தேர்ந்தவர் ஒருவர் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். இயந்திரம் அச்சு வார்க்கும். ஆனால் நம் ஊர்ப் பெண்மணி கொண்டுவரும் பாட்டி காலத்து அட்டிகையைப் பழுது பார்க்க இயந்திரம் தெரியாது. அதற்குக் கை வேண்டும். அந்தக் கை ஆரோக்கியமாக இருந்தால்தான் நம் கடையில் விளக்கு எரியும்.

ஆயுத பூஜைக்கு முன் பட்டறையை ஒழித்துக் கூட்டுவது வழக்கம். இவ்வாண்டு அந்த நாளில் கடைக்காரரும் பட்டறைக்குச் சென்று, பழைய பொடி டப்பாவை அப்புறப்படுத்தி, மூன்று தொட்டிகளையும் ஓர் உறிஞ்சும் விசிறியையும் வைக்க உதவுவாரானால், அதுவே பூஜைக்கு ஏற்ற காணிக்கை. ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் அடுத்த செயற்குழுவில் பட்டறை மகமையை ஒரு பொருளாக எடுத்துப் பேசித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறோம்.